எடிட்டிங்ல இருக்கு சார்

புதுச்சேரியில் ஒரு மின்கம்பி கூட இல்லாமல், ஒரு குப்பைத்தொட்டி கூட இல்லாமல், வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு ஸ்கூட்டர் கூட இல்லாமல் செய்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் இன்னொண்ணு சார்தான். எந்த ஆட்சியாலும் ஆகாத காரியம் இது. அவர் தனி ஆளாக, கைலியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மௌஸைப் பிடித்து, தான் எடுத்த போட்டோக்களிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். அவர் அழித்து முடித்த தெருக்களைப் பார்த்தால் நமக்கே அங்கே குடிபோகலாமா என்று தோன்றும். நாம் ஏற்கெனவே அங்கேதான் குடியிருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். ஆனால் பியூனிலிருந்து பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் இன்னொண்ணு சார். கேமராவைக் கண்ணில் வைத்தாரென்றால் 'க்ளிக்' சத்தம் அடங்குவதற்குள் "இன்னொண்ணு" என்பார். எத்தனை எடுத்தாலும் அடுத்து எடுக்கப்போவதுதான் நல்ல படம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருத்தர்தான் உறுப்பினர். தொண்டனாக என்னைச் சேர்த்துக்கொண்டார், என்னைக் கேட்காமலேயே.

எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். பீச்சுக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம், உயரமான கதவுகள், அதைவிட உயரமாக ஃபைல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தபால் பிரிவு. உள்ளே வருகிற கடிதம், வெளியே போகிற கடிதம் எல்லாமே அவர் மேஜையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் வந்த கடிதம் மாலைக்குள் உரிய மேஜைக்குப் போய்விடும். ஆனால் அவர் எடுத்த போட்டோ மட்டும் உரிய காலத்தில் உரியவர் கைக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை.

கேட்டால் ஒரே பதில்தான். "எடிட்டிங்ல இருக்கு சார்."

என் பெண்ணுக்குக் காது குத்தியபோது அவராகவே வந்து படம் எடுத்தார். அவளுக்கு அப்போது மூன்று வயது. படம் என் கைக்கு வந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். "யாருப்பா இந்தப் பாப்பா?" என்று என்னையே கேட்டாள். படம் அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு குறை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட குழந்தை, படத்தில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மாமனைக் காணோம்.

"என் மச்சான் எங்க சார்?" என்றேன்.

"கிளிப்பச்ச சட்ட போட்டிருந்தாரு சார். கண்ண உறுத்திச்சு. எடுத்துட்டேன்."

"மாமன் மடியில வச்சிக் குத்தறதுதானே சார் சடங்கே?"

"சடங்கு நடந்துடுச்சே சார். இது போட்டோதானே?"

என் மனைவி அந்தப் படத்தை ஹாலில் மாட்டிவிட்டாள். என் மச்சான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் ஹாலில் உட்காருவதே இல்லை. நேராகச் சமையற்கட்டுக்குப் போய் நின்றுகொண்டே காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

மத்தியானச் சாப்பாட்டு வேளைதான் எனக்குக் கண்டம். டிபன் பாக்ஸைத் திறப்பதற்கும் அவர் லேப்டாப்பைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள் இருக்கும். ஒரே கடல், ஒரே மேகம், ஒரே காக்கா.

"சார், இது ஒண்ணு. இது ஒண்ணு. எது நல்லாருக்கு?"

நான் தயிர் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஒருமுறை வாய் தவறி, "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நாலாம் நாள் அவராகவே என்னை மன்னித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். எதைக் காட்டினாலும் "ரெண்டாவது" என்று சொல்லிவிடுவது. ஏன் என்று கேட்டால், "அதுல ஒரு ஆழம் இருக்கு" என்பது. அவர் முகம் மலர்ந்துவிடும். இப்படியே ஒன்றரை வருடம் ஓட்டினேன். ஒருநாள் வழக்கம்போல "ரெண்டாவது, ஆழம்" என்றேன். அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"ரெண்டுமே ஒரே படம் சார். டெஸ்ட் பண்ணேன்."

அன்றைக்கு என் தொண்டையில் இறங்காத சாதம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மதாமின் பிரிவு உபசாரக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சூப்பிரண்டென்ட் அம்மாவை ஆபீசில் எல்லோரும் மதாம் என்போம். வீட்டில் பிரெஞ்சு, ஆபீசில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் பேசுகிறவர். ரிட்டையர் ஆகிப் பிள்ளையோடு பிரான்சுக்குப் போகிறார் என்று வாசற்படியில் எல்லோரும் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். இன்னொண்ணு சார் தொண்ணூறு தடவை க்ளிக் செய்தார். தொண்ணூறிலும் எங்களில் யாராவது ஒருத்தர் கண்ணை மூடியிருந்தார். அது அரசு ஊழியர்களுக்கு இயல்புதான். ஆனால் அவர் விடவில்லை. ஒவ்வொரு படத்திலிருந்தும் கண் திறந்த முகமாகப் பொறுக்கி எடுத்து, ஒரே படத்தில் ஒட்டிவைத்தார். இரண்டு வருடம் ஆயிற்று. மதாமுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பத்தாவது நிமிடம் எனக்குப் போன் வந்தது.

"எல்லாரும் அழகா இருக்கீங்கப்பா. நான் கூட நல்லாத்தான் இருக்கேன். ஆனா பதினாலு பேருக்கு இருபத்தொம்பது கை இருக்குதே, பா போஸிப்ள், நடக்கற காரியமா இது! என் தோள்ல கை போட்டிருக்கறது யாரு?"

அது யார் கை என்று இன்றுவரை தெரியவில்லை. இன்னொண்ணு சாரிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டது கை கூடிப்போனதற்காக இல்லை. அதை மதாம் கண்டுபிடிக்கும் அளவுக்கு வேலையைச் சுமாராகச் செய்துவிட்டோமே என்பதற்காக.

இப்போது போனிலேயே வந்துவிட்டது, கம்பியின் மேல் விரலை வைத்தால் கம்பி மறைந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தோடு அவரிடம் காட்டினேன். விஷத்தைக் காட்டியதுபோல விலகிப்போனார். "பட்டன அமுக்கினா அதுவா எடுத்துடுமாம். அது எடிட்டிங்கா சார்? ஒரு கம்பிய எடுத்தா அதுக்குப் பின்னாடி வானம் எப்படி இருந்திருக்கும்னு நாமதான் யோசிக்கணும்" என்றார். அவருக்கு வேறு இரண்டு வைராக்கியங்களும் உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்துத் தெருக்களின் மஞ்சள் சுவரில் ஒருத்தரைச் சாய்த்து வைத்துப் படம் எடுக்க மாட்டார், அதற்குத்தான் எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களே என்பார். இரண்டாவது, எடிட் செய்யாத படத்தை, அதாவது கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கிற 'ரா' படத்தை, உயிரே போனாலும் யாருக்கும் கொடுக்க மாட்டார். "ரா குடுக்கறது, வேட்டி இல்லாம வாசல்ல வந்து நிக்கற மாதிரி சார்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தூங்க விடாமல் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார். சூரியன் எழுந்து வருவதை அவர் படம் எடுப்பார். எதிர்ப்பக்கம் ஒரு பெரிய தெர்மாகோல் அட்டையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சூரிய வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகங்களின் மேல் விழுமாம். கடற்காற்றில் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். எழுதும்போதே தோள் வலிக்கிறது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் பிடித்துவிட்டு வந்த ஒரு போட்டு கரையேறியது. இன்னொண்ணு சார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினார்.

"அண்ணே! அலை செரியா விழல. திரும்பிப் போயிட்டு இன்னொரு வாட்டி வாங்க! மெதுவா வாங்க!"

போட்டில் இருந்தவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "இன்னாது?"

"திரும்பி வாங்கன்னேன். இன்னொண்ணு!"

"யோவ், ராத்திரி பூரா கடல்ல கெடந்துட்டு வர்றோம், எங்கள இன்னா ஊர்வலம்னு நெனச்சியா? இங்க வா. நீ வந்து ஒரு வாட்டி வலைய இழு, நான் போட்டோ எடுக்கறேன்."

நாலைந்து பேர் போட்டிலிருந்து குதித்தார்கள். எனக்குத் தெர்மாகோல் அட்டையின் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. ஒளிந்தும் கொண்டேன். அப்போதுதான் கரையிலிருந்து கலியமூர்த்தி ஓடிவந்தார். "மச்சான், வுடு வுடு. எங்க ஆபீஸ் சாருதான். கெட்ட ஆளு இல்ல, இதுதான் அவரு சுபாவம்" என்று நடுவில் புகுந்து எங்களைக் காப்பாற்றினார்.

கலியமூர்த்தி எங்கள் ஆபீஸ் பியூன். வைத்திக்குப்பத்துக்காரர். அவர் இடது கண் பாதிக்கு மேல் திறக்காது. சின்ன வயதில் தூண்டில் முள் பட்டதாம். அதனால் நாம் என்ன சொன்னாலும் அதை நம்பாத மாதிரியே அவர் முகம் இருக்கும். பெரிய அதிகாரிகள் கூட அவர் எதிரில் பொய் சொல்லக் கொஞ்சம் தயங்குவார்கள். ஆபீசில் யாராவது கேமராவை எடுத்தால் டீ வாங்கப் போய்விடுவார். மதாமின் குரூப் போட்டோவில் கூட அவர் இல்லை.

அன்றைக்குச் சண்டை ஓய்ந்ததும் ஒரு போட்டின் விளிம்பில் உட்கார்ந்து, எங்கள் இருவர் கோலத்தையும் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தார். அந்த நேரம் பார்த்து இன்னொண்ணு சார் க்ளிக் செய்துவிட்டார். ஒரே ஒரு தடவைதான். அடுத்ததற்குள் கலியமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் தபால் பிரிவுக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சார், நேத்து எடுத்தீங்களே, அதுல இந்தக் கண்ண மட்டும் செரி பண்ணிக் குடுக்க முடியுமா? பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கேன். மண்டப வாசல்ல பேனர் வெக்கணும். சம்பந்தி வூட்டுக்காரங்க பாப்பாங்க."

இன்னொண்ணு சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இத்தனை வருடத்தில், எடிட் செய்யுங்கள் என்று ஒருத்தர் தானாக வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "பண்ணிடலாம் கலியமூர்த்தி. பாக்கறவங்க அசந்துடுவாங்க" என்று வாக்குக் கொடுத்தார். ஆவணிக்கு ஆறு மாதம் இருந்தது. நான் அன்றைக்கே காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்தேன்.

வலது கண்ணை நகல் எடுத்து, திருப்பி, இடது பக்கம் வைத்தாராம். பத்தே நிமிட வேலை. அங்கே ஆரம்பித்தது தொல்லை.

"சார், சூரியன் கலியமூர்த்திக்கு வலது பக்கம் இருக்குது. வலது கண்ணுல அதோட புள்ளி வலப்பக்கமா விழுந்திருக்குது. அதையே திருப்பிப் போட்டா இந்தக் கண்ணுல புள்ளி இடப்பக்கம் போயிடுது. ஒரு ஆளுக்கு ரெண்டு சூரியன் இருக்க முடியுமா?"

"யார் சார் அதைப் பார்க்கப்போறாங்க?"

"சூரியன் பாக்கும் சார்."

அந்தப் புள்ளியை அழித்து மறுபக்கம் வைக்க ஒரு மாதம். அப்புறம் இமை முடி. அப்புறம் கண்ணுக்குக் கீழே சுருக்கம். "சிரிக்கறப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது சார், அங்கதான் கோட்டைவிடுவாங்க" என்று தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஆராய்ச்சி செய்தார். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பயந்துபோனார்கள். நான் வாரம் ஒருமுறை, "சார், கல்யாணம் வருது" என்பேன். "எடிட்டிங்ல இருக்கு சார்" என்பார்.

ஆவணி வந்தது. கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் வைத்த பேனரில் மாப்பிள்ளை, பெண், சம்பந்திகள், தலைவர்கள், அந்த வார்டில் ஓட்டுக் கேட்கிற எல்லோரும் இருந்தார்கள். பெண்ணின் அப்பா இருக்க வேண்டிய வட்டத்தில் மட்டும் கும்பிடுகிற இரண்டு கைகளைப் போட்டிருந்தார் பிளக்ஸ் கடைக்காரர். இன்னொண்ணு சார் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, பந்திக்குக் கூட உட்காராமல் கிளம்பினார். கலியமூர்த்தி வாசல் வரை வந்தார்.

"வுடுங்க சார். கை ரெண்டும் என் கை மாதிரியேதான் இருக்குது. சாப்ட்டுட்டுப் போங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இன்னொண்ணு சார் பின்னால் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஆபீசில் கலியமூர்த்தி தபால் எடுக்க வந்தால் இவர் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அந்தப் படத்தைப் பற்றிய பேச்சே நின்றுபோயிற்று. மத்தியானம் லேப்டாப்பும் வரவில்லை. எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை, அது வேறு விஷயம்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில், தம்பியின் போட்டைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்த கலியமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போனபோது மணி பத்து. தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்கு எடுப்பது என்று முடிவாகியிருந்தது. ஊர் வழக்கப்படி அதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தாக வேண்டும். வைக்க அவரிடம் ஒரு படம் இல்லை. அவருடைய மனைவி செங்கேணி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதார் அட்டையில் இருந்தது அவர்தான் என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

"பேனர்லயாவது மூஞ்சி வரணும் சார்" என்றார் செங்கேணி என்னிடம். "பொண்ணு கல்யாணத்துலயும் கைய மட்டும் போட்டாங்க. இப்பவும் கைய மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்?"

இன்னொண்ணு சாருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "கலியமூர்த்தி படம் எந்த நிலைமையில இருக்கு சார்?" என்று கேட்டேன். அவர் வாயில் அந்தப் பழைய வாக்கியம் வருமோ என்று பயந்தேன்.

"முடிச்சு ரெண்டு மாசம் ஆவுது சார். கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே முடிச்சுட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய்க் குடுக்கறதுன்னு இருந்துட்டேன்."

இருபதே நிமிடத்தில் லேப்டாப்போடு வந்தார். பெண்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு போய், செங்கேணியின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து திரையைத் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அபாரமான வேலை. இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்து, இரண்டிலும் சூரியன் ஒரே பக்கம். பின்னால் கம்பி இல்லை, குப்பை இல்லை, சுத்தமான கடல். கிழிந்த காலரைக் கூடத் தைத்திருந்தார்.

செங்கேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு சார் இது?"

"கலியமூர்த்திம்மா. உங்க வூட்டுக்காரரு."

"கண்ணு?"

"அவருதாம்மா செரி பண்ணச் சொன்னாரு. கல்யாணத்துக்குக் கேட்டாரு. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

"நல்லாத்தான் பண்ணியிருக்க சார். ஆனா இந்த ஆள எனக்குத் தெரியாதே."

"அவரு கேட்டது இதாம்மா" என்றார் இன்னொண்ணு சார்.

"கேட்டது அவரு. தெனம் எழுந்து பாக்கப்போறது நானு. அந்த அரைக்கண்ணோடதான் இருபத்தாறு வருசம் குடும்பம் பண்ணேன். இப்ப ரெண்டு கண்ணயும் தொறந்துக்கிட்டு செவுத்துல நின்னா, நான் யாருன்னு நெனச்சி அவர்கிட்டப் பேசறது?"

இன்னொண்ணு சார் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தார். "சார், வண்டிய எடுங்க. வீட்டுக்குப் போலாம்" என்றார்.

முத்தியால்பேட்டையில் அவர் வீடு. கம்ப்யூட்டரைப் போட்டு, 'கலி' என்ற ஃபோல்டரைத் திறந்தார். கலி பைனல், கலி பைனல் இரண்டு, கலி உண்மையான பைனல், கலி இதுதான் பைனல், கலி சத்தியமாக பைனல் என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் பெயர் வைக்காத ஒரு படம். அதுதான் ரா.

திறந்தார். கலியமூர்த்தி சிரித்துக்கொண்டிருந்தார். காலர் கிழிந்திருந்தது. பின்னால் நீல பிளாஸ்டிக் பீப்பாய், குறுக்கே ஒரு கம்பி, பாதி நாய். ஓரத்தில் தெர்மாகோல் அட்டையைப் பிடித்த என் நாலு விரல். இடது கண் பாதி மூடி, நாங்கள் சொல்வது எதையுமே நம்பாமல் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொண்ணு சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும் தன் பாட்டுக்கு மௌஸைத் தேடிப் போய், அம்புக்குறியை அந்தக் கம்பியின் மேல் கொண்டுபோய் வைத்தது.

"சார்" என்றேன்.

கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இன்னொரு கையால் படத்தைப் பென்டிரைவில் ஏற்றினார். "நீங்க போய் வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, வந்துட்டேன்" என்றார். வர ஐந்து நிமிடம் ஆயிற்று. மறுபடி எடிட்டிங்கில் இறங்கிவிட்டாரோ என்று வாசலில் நின்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிளக்ஸ் கடைக்காரர் படத்தைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டார். புதுச்சேரியில் செத்துப்போனவர்கள் எல்லோருக்கும் அவர் கோட்டும் டையும் போட்டுவிடுவார். பின்னால் மேகம், பக்கத்தில் குத்துவிளக்கு.

"கோட்டு வேணாங்க" என்றார் இன்னொண்ணு சார்.

"கோட்டு போட்டாத்தான் சார் ஒரு மரியாத."

"அவரு பியூனு. காக்கிச் சட்டதான் போட்டாரு. வேணாம்."

"செரி, பின்னாடி மேகமாச்சும் போட்டுடறேன்."

"பீப்பாயே இருக்கட்டும்."

"சார், பாதி நாய் நிக்குது சார். அதையாவது எடுத்துடறேனே."

"நாயும் நிக்கட்டும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "கண்ணு ஒரு மாதிரி இருக்குதே, ஒரு நிமிசத்துல செரி பண்ணிடுவேன்" என்று மௌஸை நகர்த்தினார் அவர். இன்னொண்ணு சார் பாய்ந்து மௌஸின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"ஆறு மாசத்துக்கு மேல பண்ணேன் நான் அந்தக் கண்ண. நீ ஒரு நிமிசத்துல பண்ணிடுவியா? எதுலயும் கை வெக்காத. வந்தது வந்தபடி அடி."

பிரிண்ட் வரும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. ஊரில் உள்ள எல்லாக் கம்பியையும் அழித்த மனிதர், ஒரு கம்பியைக் காப்பாற்றக் காவல் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூன்று மணிக்குத் தெருமுனையில் பேனர் ஏறியது. போட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அன்றைக்கு எங்களை அடிக்க வந்தவரும் அதில் இருந்தார். "இன்னாயா, செத்தும் நம்மள நம்ப மாட்டன்றான்" என்று சொல்லிச் சிரித்தவர், சிரித்தபடியே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். செங்கேணியைக் கைத்தாங்கலாகத் தெருமுனை வரை கூட்டிவந்து காட்டினார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவருதான்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு மணிக்குத் தூக்கத் தயாரானார்கள். புது வேட்டி, புது வெள்ளைச் சட்டை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். இன்னொண்ணு சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போனார். தன் பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். நான் வாசலில் வண்டியோடு நின்று புலம்பிய அந்த ஐந்து நிமிடத்தில், இரண்டு கண்ணும் திறந்த கலியமூர்த்தியைத்தான் வீட்டுப் பிரிண்டரில் அடித்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"இன்னா சார் அது?" என்றார் செங்கேணி.

"அவரு கேட்டதும்மா."

செங்கேணி அதை வாங்கி ஒருமுறை பார்த்தார். அவரே கணவரின் சட்டைப் பையை விரித்துப் பிடித்தார். "மூஞ்சி உள்பக்கமா இருக்கட்டும் சார். வழியில யாராச்சும் பாத்தா ஆளு மாறிப்போச்சும்பாங்க."

இன்னொண்ணு சார் படத்தை உள்ளே வைத்து, பையை ஒருமுறை தடவிவிட்டார். குனிந்து, "லேட் ஆயிடுச்சு கலியமூர்த்தி" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

ஊர்வலம் போன பிறகு கடற்கரையில் ஒரு போட்டின் மேல் சாய்ந்துகொண்டு, குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதார். தோளில் கேமராப் பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் இரண்டு டீ வாங்கிவந்தேன். அவருடையது ஆறிப்போயிற்று. இன்னொன்று வாங்கிவந்தேன், அதுவும் ஆறியது. அலுத்துக்கொள்ளாமல் மூன்றாவது டீயையும் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றேன். இந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் போயிருந்தால் என் ஆயுளில் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும். நல்லவேளை, பிடித்துப்போய்விட்டது.